ரூத் பொறுக்கிய கதிர்

கிறிஸ்தவ இல்லங்களிலே வேதாகமம் வாசிக்கப்படும் முறையை உற்று நோக்கினால், வாசிப்போர் இரு வகையினர் என்பது புலனாகும். ஒரு வகையினர் அதனை வசனம் வசனமாக அறிந்தவர். புத்தாண்டு பிறக்கும்போது ஒரு வாக்குத்தத்த வசனத்தைப் பெற்று, அதனை அட்டையிற் பொறித்துச் சுவரில் மாட்டி, ஆண்டு முழுவதும் அதனையே ஊன்றுகோலாகக் கொள்வர். நோய் வந்தால் அதற்கு ஒரு வசனம். பயணம் புறப்பட்டால் அதற்கு ஒரு வசனம். திருமண அழைப்பிதழுக்கு ஒரு வசனம். கல்லறைக்கும் ஒரு வசனம். மற்றை வகையினர் ஒரு நூலைக் கையில் எடுத்தால் அதனை முதலிலிருந்து ஈறுவரை வாசிப்பவர். இங்கே பேசுபவர் யார், கேட்பவர் யார், இச்சொல் எந்த வேளையிற் பிறந்தது என்று வினவிக்கொண்டே செல்பவர். முதல் வகையினர் பலர். இரண்டாம் வகையினர் சிலர்.

முதல் வகை வாசிப்பை இகழ்தல் தகாது. எழுத்தறியாத மூதாட்டியர் பலர் மனத்திற் பதித்த பத்து வசனங்களைக் கொண்டே பெருந்துயரங்களைக் கடந்திருக்கின்றனர். ஆயினும், வசனத்தை மட்டும் பறித்தெடுக்கும் பழக்கத்தில் ஓர் இடர் உண்டு. மனம் தனக்கு இனியதையே தேடும். ஆறுதல் தரும் சொல்லை எடுத்துக்கொண்டு, அச்சொல்லுக்கு முன்னே நின்ற அழுகையை விட்டுவிடும். நாளடைவில், நம்பிக்கை என்பது எப்போதும் முகமலர்ச்சியோடு இருத்தலே என்றும், முறையிடுபவன் விசுவாசத்திற் குறைந்தவன் என்றும் ஓர் எண்ணம் வேரூன்றிவிடும். பின்னர் உண்மையான துயரம் வந்து வாயிலில் நிற்கும்போது அத்தகையவர் இரு மடங்கு துன்புறுவர். இழப்பின் துன்பம் ஒன்று. அழுவதும் பாவமோ என்னும் ஐயத்தின் துன்பம் மற்றொன்று.

இந்த ஐயத்தை நீக்கவல்ல நூல்கள் வேதாகமத்திலே பல உள. யோபுவின் நூலும், புலம்பலும், சங்கீதங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் முறையீடுகளே. எனினும், அவை எல்லாவற்றினும் எளியது, அரை மணி நேரத்தில் வாசித்து முடிக்கத்தக்கது, பழைய ஏற்பாட்டில் நான்கே அதிகாரங்கள் கொண்ட ஒரு சிறு நூல். ரூத் என்னும் பெண்ணின் பெயரால் அது வழங்குகின்றது. எபிரேய வேதத்திலே பெண்ணின் பெயர் தாங்கிய நூல்கள் இரண்டே. ஒன்று எஸ்தர், மற்றொன்று ரூத்.

கதை பஞ்சத்திலே தொடங்குகின்றது. பெத்லகேம் என்னும் ஊர்ப்பெயருக்கு எபிரேய மொழியில் அப்பத்தின் வீடு என்பது பொருள். அப்பத்தின் வீட்டிலே அப்பம் இல்லை. எலிமெலேக்கு என்பவன் தன் மனைவி நகோமியையும், மக்லோன், கிலியோன் என்னும் இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு சாக்கடலுக்குக் கிழக்கே உள்ள மோவாப் தேசத்துக்குப் பிழைக்கச் செல்கின்றான். மோவாபியர் இஸ்ரவேலருக்குப் பகைவர். பத்துத் தலைமுறை சென்றாலும் மோவாபியன் இறைவனின் சபையிற் சேரலாகாது என்று உபாகமம் கூறுகின்றது. அத்தகைய மண்ணிலே தஞ்சம் புகுந்த குடும்பத்தில் முதலில் எலிமெலேக்கு இறக்கின்றான். மைந்தர் இருவரும் அந்நாட்டுப் பெண்களை மணந்து, பத்து ஆண்டளவிற் பிள்ளைப்பேறின்றி அவர்களும் இறக்கின்றனர். இவ்வளவும் முதல் ஐந்து வசனங்களிலே முடிந்துவிடுகின்றன. மூன்று சாவுகளைச் சொல்ல நூலாசிரியர் ஐந்து வசனங்களையே செலவிடுகின்றார். சாவு விரைவில் நிகழ்ந்துவிடும். அதன் பின் வாழ்வதே நெடிது என்பதை அறிந்தவர் அவர் போலும்.

எஞ்சியவர் மூன்று விதவைகள். பெத்லகேமிலே மழையும் விளைவும் மீண்டன எனக் கேள்வியுற்று நகோமி ஊர் திரும்புகின்றாள். வழியிலே மருமக்கள் இருவரையும் தத்தம் தாய் வீட்டுக்குப் போகுமாறு சொல்கின்றாள். ஒர்பாள் அழுது, மாமியை முத்தமிட்டுத் திரும்புகின்றாள். அவளை நூல் ஒரு சொல்லாலும் பழிக்கவில்லை. மாமி சொன்னதைக் கேட்டவள் அவள். ரூத் மட்டும் போக மறுக்கின்றாள். மாமி செல்லும் இடத்துக்கே தானும் வருவதாகவும், மாமியின் சுற்றத்தையும் அவள் வணங்கும் கடவுளையும் தன்னுடையனவாக ஏற்பதாகவும், சாவு ஒன்றே தம்மைப் பிரிக்கவல்லது என்றும் ஆணையிட்டு உரைக்கின்றாள்.

இச்சொற்கள் உலகெங்கும் திருமண வழிபாடுகளில் வாசிக்கப்படுகின்றன. மணமகள் மணமகனுக்குக் கூறும் உறுதிமொழி போலவே பலர் அவற்றை நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால், நூலை முழுதும் வாசிப்பவன் வேறொன்றைக் காண்பான். இவை கணவனுக்கு மனைவி சொன்னவை அல்ல. கணவனை இழந்த மருமகள், பிள்ளைகளை இழந்த மாமிக்கு, ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட வெறும் பாதையில் நின்று சொன்னவை. இன்னும் ஒன்று உண்டு. இத்துணை அன்பு மொழியைக் கேட்ட நகோமி மறுமொழியாக ஒன்றும் கூறவில்லை. மருமகள் மன உறுதியோடு இருக்கின்றாள் எனக் கண்டு, அவள் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று மட்டுமே நூல் சொல்கின்றது. நன்றி கூறவில்லை, தழுவிக்கொள்ளவில்லை. இருவரும் பேசாமல் நடக்கின்றனர்.

பெத்லகேமை அடைந்ததும் ஊர்ப் பெண்கள் வியப்போடு கூடுகின்றனர். இவள்தானா நகோமி என்று வினவுகின்றனர். நகோமி என்னும் பெயருக்கு இனிமையுடையாள் என்பது பொருள். அப்பெயரால் இனித் தன்னை அழைக்கவேண்டா, மாராள் என்று அழையுங்கள் என்கின்றாள் அவள். மாராள் என்பது கசப்பு. நிறைவோடு போனவளை ஆண்டவர் வெறுமையாய்த் திரும்பச் செய்தார் என்றும், எல்லாம் வல்லவரே தனக்குக் கசப்பைத் தந்தார் என்றும் ஊரறியச் சொல்கின்றாள்.

இந்த இடத்திலே வாசகன் சற்றே நிற்கவேண்டும். வெறுமையாய் வந்தேன் என்று நகோமி சொல்லும்போது அவளருகிலே ரூத் நின்றுகொண்டிருக்கின்றாள். தாய் நாட்டையும், பெற்றோரையும், மறுமண வாய்ப்பையும் விட்டு வந்தவள், ஒன்றுமில்லை என எண்ணப்பட்டு, பக்கத்திலே நிற்கின்றாள். துயரத்தின் இயல்பு இதுவே. அது இருப்பதைக் காணவிடாது. பிள்ளையை அடக்கஞ்செய்து வந்த தாய்க்கு, உயிரோடிருக்கும் மற்றப் பிள்ளை அடுப்படியில் நின்று தண்ணீர் கொதிக்கவைப்பது கண்ணிற் படுவதில்லை. அவள் அன்பற்றவள் என்பதனால் அன்று. அவள் கண் நீரால் மறைந்திருக்கின்றது.

வியத்தற்குரியது யாதெனில், நகோமியின் இச்சொற்களை வேதம் திருத்தவில்லை. அவ்வாறு பேசலாகாது என்று கடிய எந்தத் தீர்க்கதரிசியும் வரவில்லை. வானிலிருந்து எந்தக் குரலும் எழவில்லை. ரூத்தும் மனங்கோணி, நான் இருக்கின்றேனே என்று முறையிடவில்லை. கடவுளின் மேல் வைத்த குற்றச்சாட்டு கடவுளின் நூலுக்குள்ளேயே அழியாமல் நிற்கின்றது. கடவுளை மறந்தவள் அவரைக் குறித்து முறையிடமாட்டாள். அவரே எல்லாம் வல்லவர் என்று இன்னும் நம்புவதனாலேதான் நகோமி அவரை நோக்கிக் கைநீட்டுகின்றாள். முறையீடும் ஒரு வகை விசுவாசமே என்பதை இந்நூல் உரையாடலால் நிறுவவில்லை, நிகழ்ச்சியாற் காட்டுகின்றது.

இவ்விரு பெண்களும் ஊரை அடைந்தது வாற்கோதுமை அறுவடை தொடங்கிய காலம். அது பாலஸ்தீன நாட்டிலே ஏப்ரல் மாத அளவில் நிகழ்வது. அதன் பின்னர்க் கோதுமை அறுவடை வரும். வீட்டிலே உணவில்லை. ரூத் வயலுக்குப் போய்க் கதிர் பொறுக்க அனுமதி கேட்கின்றாள். அறுப்போர் முன்செல்ல, அவர் கையினின்று தவறி விழுந்த கதிர்களைப் பின்னாலே குனிந்து பொறுக்குதல் ஏழைகளின் உரிமையாக மோசேயின் சட்டத்தில் வகுக்கப்பட்டிருந்தது. வயலின் ஓரத்தை முற்றாக அறுக்கலாகாது. சிந்திய கதிரைத் திரும்பிச் சென்று எடுக்கலாகாது. மறந்துவிட்ட அரிக்கட்டுக்காக மீண்டும் வயலுக்குப் போகலாகாது. அவை ஏழைக்கும், அந்நியனுக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் உரியன என்று லேவியராகமமும் உபாகமமும் கூறுகின்றன. இது பிச்சையன்று. பிச்சை இடுவோன் விருப்பத்தைப் பொறுத்தது, இதுவோ சட்டம். நிலமுடையோன் தன் வயலின் ஓரம் தனதன்று என ஏற்கவேண்டியவனாகின்றான். ஏழையும் கையேந்தி நிற்காமல் உழைத்தே பெறுகின்றாள்.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் அருவி வெட்டுக் காலத்தைக் கண்டவர்க்கு இக்காட்சி புதிதன்று. வெட்டி முடிந்த வயலிலே வெயில் ஏறுமுன் குனிந்து கதிர் பொறுக்கும் பெண்ணின் முதுகு வலியை அவர்கள் அறிவர். வேதத்தின் உலகமும் உழவரின் உலகமே. அதனாலேதான் உழவு நாட்டு வாசகனுக்கு அதன் பல பக்கங்கள் விளக்கவுரையின்றியே விளங்கிவிடுகின்றன.

ரூத் புகுந்த வயல் போவாஸ் என்பவனுடையது. அவன் எலிமெலேக்கின் உறவினன். தற்செயலாக அவ்வயலுக்கு வந்து சேர்ந்தாள் என்று நூலாசிரியர் கூறுகின்றார். கடவுள் வழிநடத்தினார் என்று எழுதுவது அவருக்கு எளிது. அவ்வாறு எழுதவில்லை. இந்நூலிலே கடவுள் நேரே ஒன்றைச் செய்தார் என ஆசிரியர் தம் வாய்மொழியாகக் கூறும் இடங்கள் இரண்டே. பஞ்சம் நீங்கி உணவு கிடைத்தது ஓரிடம். இறுதியில் ரூத் கருவுற்றது மற்றோரிடம். இவ்விரண்டுக்கும் நடுவே தரிசனம் இல்லை, அற்புதம் இல்லை, கனவு இல்லை. வெயில் உண்டு, வேலை உண்டு, கதிர் உண்டு, மனிதர் உண்டு. பெரும்பாலான மனிதரின் வாழ்வும் இவ்வாறே அமைந்திருப்பதனால், செங்கடல் பிளந்த கதையினும் இக்கதை அவர்களுக்கு அண்மையில் நிற்கின்றது.

போவாஸ் அந்நியப் பெண்ணை அன்போடு நோக்கி, வேறு வயலுக்குப் போகாதிருக்கச் சொல்கின்றான். வேலையாட்கள் அவளைத் தீண்டாதிருக்கக் கட்டளையிடுகின்றான். தாகம் எடுத்தால் அவர்கள் மொண்டு வைத்த தண்ணீரையே குடிக்கலாம் என்கின்றான். இஸ்ரவேலின் கடவுளுடைய சிறகின் கீழ் அடைக்கலம் தேடி வந்தவளுக்கு நிறைந்த பலன் கிடைப்பதாக என்றும் வாழ்த்துகின்றான். உணவு வேளையில் அவளையும் அழைத்து வறுத்த தானியம் கொடுக்கின்றான். அவள் உண்டு, மீந்ததை முடிந்துவைக்கின்றாள். பின்பு அவளறியாதபடி வேலையாட்களிடம், அரிகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடுமாறு சொல்கின்றான். சட்டம், தவறி விழுந்ததை விட்டுவிடு என்றது. இவனோ தவறி விழுந்தது போல விழச்செய்கின்றான். கொடுப்பவன் முகத்தைக் காட்டாமற் கொடுத்தலாலே பெறுபவளின் மானம் காக்கப்படுகின்றது. அன்று மாலை அவள் தட்டி எடுத்த வாற்கோதுமை ஓர் எப்பா அளவு. சாதாரணமாகக் கதிர் பொறுக்கும் ஒருத்திக்கு ஒரு நாளிற் கிடைக்கக்கூடியதினும் மிகப் பெரிது. அதனோடு மதிய உணவில் மீத்துவைத்த பங்கையும் மாமிக்குக் கொடுக்கின்றாள்.

அந்தத் தானியக் குவையைக் கண்ட பின்னரே நகோமியின் வாயிலிருந்து, ஊர் திரும்பிய பின் முதன்முறையாக, வாழ்த்து ஒன்று எழுகின்றது. உயிரோடிருப்போர்க்கும் இறந்தோர்க்கும் தம் இரக்கத்தை ஆண்டவர் விட்டுவிடவில்லை என்கின்றாள். இங்கு இரக்கம் எனப்படுவது எபிரேய மொழியில் ஹெசெத் என்னும் சொல். அதற்கு ஒற்றைச் சொல்லால் மொழிபெயர்ப்பு எம்மொழியிலும் அரிது. இரக்கம், தயை, மாறாத பற்று, கடமைக்கு மேற்பட்ட நன்மை ஆகிய எல்லாம் அதனுள் அடங்கும். இச்சிறு நூலில் அது மூன்று முறை வருகின்றது. மருமக்கள் காட்டியது ஹெசெத்; கடவுள் காட்டியது ஹெசெத்; இறுதியில் ரூத் காட்டியதும் ஹெசெத். மனிதருடைய நன்மைக்கும் கடவுளுடைய நன்மைக்கும் ஒரே சொல்லை வழங்கியமை எண்ணத்தக்கது.

இதனினும் ஆழ்ந்த ஒன்று மூன்றாம் அதிகாரத்தில் இருக்கின்றது. அறுவடை முடிந்து, போவாஸ் களத்திலே நெற்குவை காப்பவன் போலத் தானியக் குவியலருகே துயில்கின்றான். நகோமியின் ஏற்பாட்டின்படி ரூத் இரவிலே அங்குச் சென்று, நெருங்கிய உறவினனான அவன் தன்னை மணந்து காக்கவேண்டும் என வேண்டுகின்றாள். அவனுடைய போர்வையைத் தன்மேல் விரிக்குமாறு அவள் கேட்பதாக 1871ஆம் ஆண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு கூறும். முன்னர் வயலிலே போவாஸ் சொன்ன வாழ்த்தில் அம்மொழிபெயர்ப்பு செட்டை என்னும் சொல்லை வழங்குகின்றது. எபிரேய மூலத்திலோ இரண்டிடத்தும் வருவது ஒரே சொல். கானாப் என்னும் அச்சொல் பறவையின் சிறகையும் குறிக்கும். ஆடையின் ஓரத்தையும் குறிக்கும்.

ஆகவே, அன்று பகலிலே கடவுளின் சிறகு உனக்கு அடைக்கலம் ஆகுக என்று வாழ்த்தினவனிடம், இன்று இரவிலே அவள் வந்து, அந்தச் சிறகை நீரே விரியும் என்று கேட்கின்றாள். வாழ்த்தியவன் தன் வாழ்த்துக்குத் தானே விடையாகவேண்டியவனாகின்றான். பிறருக்காகச் செய்யும் வேண்டுதல்களின் தன்மை முழுவதும் இதில் விளங்குகின்றது. பசித்தவனுக்குக் கடவுள் உணவளிப்பாராக என்று வேண்டிக்கொண்டு உணவு மேசையில் அமர்வது எளிது. அவ்வேண்டுதல் கதவைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தால், அப்போதுதான் வேண்டியவனின் விசுவாசம் சோதிக்கப்படும். போவாஸ் அச்சோதனையில் நிலைத்து நின்றான்.

அவனினும் நெருங்கிய உறவினன் ஒருவன் இருந்தான். முதலுரிமை அவனுடையது. நகர வாயிலிலே மூப்பர் பத்துப் பேர் முன்னிலையில் அவனிடம் கேட்டபோது, நிலத்தை மீட்க உடன்பட்டான். ரூத்தையும் ஏற்கவேண்டும் என்றதும், தன் உரிமைச் சொத்துக்குக் கேடு வரும் என்று அஞ்சிப் பின்வாங்கினான். வழக்கப்படி தன் மிதியடியைக் கழற்றிக் கொடுத்தான். அவன் கொடியவன் அல்லன், கணக்கறிந்தவன். ஆயினும் அவன் பெயரை நூல் கூறவில்லை. பெயரும் சொத்தும் நிலைக்கவேண்டும் என்று எண்ணியவன் பெயரற்றுப் போனான். சபையிற் சேரலாகாது என விலக்கப்பட்ட குலத்துப் பெண்ணின் பெயரோ நூலின் பெயராயிற்று. அவள் பெற்ற ஓபேத் தாவீதின் பாட்டன். மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்திலே இயேசுவின் வம்ச வரலாற்றில் அவள் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றது.

வேற்றினத்து மனைவியரை விலக்கவேண்டும் என எஸ்றா, நெகேமியா காலத்தில் எழுந்த கடுமைக்கு மறுமொழியாகவே இந்நூல் எழுதப்பட்டது என்று அறிஞர் சிலர் கருதுவர். அதற்கு முற்பட்டதே என்பாரும் உளர். எக்காலத்ததாயினும், விலக்கும் சட்டமும், விலக்கப்பட்டவளை ஏற்கும் கதையும் ஒரே வேதத்தினுள் அருகருகே நிற்கின்றன. ஒன்றை மட்டும் பறித்தெடுப்பவன் கடவுளின் பெயரால் அயலானைத் துரத்தக்கூடும். இரண்டையும் வாசிப்பவன் துரத்துமுன் தயங்குவான். வேதத்தை முழுதும் வாசித்தல் வெறும் புலமைக்குரிய செயலன்று. அயலவன் வாழ்வும் தாழ்வும் அதனோடு தொடர்புடையன.

வெறுமையைப் பற்றிய செய்தியும் இவ்விடத்திற் கூறத்தக்கது. களத்திலிருந்து ரூத்தை அனுப்பும்போது போவாஸ் ஆறு அளவு வாற்கோதுமை கொடுக்கின்றான். மாமியிடம் வெறுமையாய்ப் போகாதே என்று கூறுகின்றான். முதல் அதிகாரத்திலே நகோமி தன்னைக் குறித்துச் சொன்ன அதே எபிரேயச் சொல் இங்கே மீண்டும் வருகின்றது. அவள் முறையிட்ட வெறுமைக்கு விடை கிடைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால், அவ்விடை வானத்திலிருந்து வரவில்லை. ஒரு பெண்ணின் முந்தானையிலே முடியப்பட்டு வந்தது. முதல் அதிகாரத்தோடு நூலை மூடிவிட்டவன் கசப்பை மட்டுமே அறிவான். இறுதி அதிகாரத்தை மட்டும் வாசிப்பவன் குழந்தையின் சிரிப்பை மட்டுமே அறிவான். கசப்பினின்று சிரிப்புக்கு உள்ள தூரம் ஓர் அறுவடைக் காலம் என்பதை முழுதும் வாசிப்பவன் அறிவான். அக்குழந்தையை மடியிலேந்திய நகோமிக்கும் இறந்தோர் மீண்டு வரவில்லை. அதனை நூல் மறைக்கவில்லை. ஏழு மைந்தரினும் மேலான மருமகள் உனக்கு இருக்கின்றாள் என்று ஊர்ப் பெண்கள் சொல்லும்போதுதான், முன்னர் பக்கத்தில் நின்றவள் யாரென்று அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும்.

தமிழ் வேதாகமத்தின் வரலாற்றிலும் இந்நூலுக்கு ஒரு தனி இடமுண்டு. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். 1708ஆம் ஆண்டு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711ஆம் ஆண்டு முடித்தார். அது 1715இல் அச்சேறி நிறைவுற்றது. பின்னர் ஆதியாகமத்தை எடுத்து, நூல் நூலாக மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். 1719ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், முப்பத்தாறு வயதிலே அவர் காலமானபோது, அப்பணி ரூத்தின் நூல்வரை வந்திருந்தது. நாடு விட்டு நாடு வந்து, பிறர் மொழியைத் தன் மொழியாக ஏற்று, அயல் வயலிலே உழைத்தவளின் கதையோடு அவர் எழுத்தாணி நின்றது. எஞ்சியதை பெஞ்சமின் சூல்ச் என்பவர் மொழிபெயர்த்து முடித்தார். பின்னர் சென்னையில் வாழ்ந்த பபிரீசியுஸ் வேதம் முழுவதையும் புதிதாகவே தமிழ்ப்படுத்தினார். கடன் தொல்லையாற் சிறைப்பட்டு முதுமையில் வருந்திய அவர் 1791இல் இறந்தார்.

ஈழத்திலும் இவ்வயலில் உழைத்தவர் பலர். கொழும்பிலே பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759ஆம் ஆண்டு கொழும்பில் அச்சாயிற்று. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்ற இளைஞர், நல்லூர் ஆறுமுகம் பிள்ளை. பின்னாளில் ஆறுமுக நாவலர் எனப் புகழ்பெற்றவர். அம்மொழிபெயர்ப்பு சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மகாலிங்கையர் என்னும் புலவரால் நோக்கப்பெற்று நன்மதிப்புப் பெற்றது என்பர். 1850ஆம் ஆண்டு அது வெளிவந்தது.

நாவலர் கிறிஸ்தவராகவில்லை. சைவராகவே இருந்தார்; 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையைத் தொடங்கினார்; 1854இலே சைவ தூஷண பரிகாரம் என்னும் நூலில் மிஷனரிமாரின் கண்டனங்களுக்கு வேதாகமத்தையே மேற்கோளாகக் காட்டி மறுமொழி கூறினார். அவர் அந்நூலை வசனம் வசனமாக அன்று, நூல் நூலாக வாசித்தவர் என்பதற்கு அதுவே சான்று. நம்பாதவர் ஒருவர் அத்துணை ஊன்றி வாசித்த நூலை, நம்புவோர் மேலோட்டமாக வாசிப்பது முறையாகுமா என்பதே கிறிஸ்தவ வாசகன் தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டிய வினா. போவாஸின் வயலிலே மோவாபியப் பெண் உழைத்ததைப் போல, தமிழ் வேதத்தின் வயலிலும் வேற்று நெறியினர் உழைத்திருக்கின்றனர். அவர்கள் உழைப்பை நன்றியோடு நினைத்தலும் அந்நூலை வாசிப்போரின் கடன்.

பேர்சிவல் பதிப்பைச் சென்னை வேத சங்கத்தார் நிலையாக ஏற்கவில்லை. பவர் பாதிரியார் தலைமையிற் கூடிய குழுவின் மொழிபெயர்ப்பே 1871இல் வெளிவந்து, புரோட்டஸ்தாந்து சபைகளிற் பெருவழக்காக நிலைபெற்றது. 1995ஆம் ஆண்டு, கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. ஒவ்வொரு தலைமுறையும் முன்னவர் அறுத்த வயலிலே மீண்டும் இறங்கி, விடுபட்ட கதிர்களைப் பொறுக்கியுள்ளது. செட்டை என்றும் போர்வை என்றும் பிரிந்து நின்ற ஒரு சொல்லின் ஒருமையை இன்றைய வாசகன் அறிவதும் அத்தகைய பொறுக்குதலே.

யூத மக்கள் ஆண்டுதோறும் வாரங்களின் திருவிழாவிலே ரூத்தின் நூலை வாசிக்கின்றனர். அது அறுவடைத் திருவிழா. சட்டம் அருளப்பட்டதை நினைவுகூரும் திருவிழாவும் ஆகும். சட்டம் பெற்ற நாளிலே, சட்டத்தின் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒருத்தியின் கதையை வாசிக்கும் வழக்கம் பொருள் பொதிந்தது.

கிறிஸ்தவ இல்லங்களும் இவ்வாறு ஒரு மாலையை ஒதுக்கலாம். நான்கு அதிகாரங்களையும் ஒருவர் உரக்க வாசிக்க மற்றையோர் கேட்கலாம். விரும்பிய வசனத்தைத் தேடாமல், அறுப்போர் பின்னே சென்ற ரூத்தைப் போல, வந்த வரிசையிலே ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லலாம். அவ்வீட்டிலே அண்மையில் இழப்பு நேர்ந்திருந்தால், நகோமியின் முறையீட்டை விரைந்து கடந்து போகவேண்டா; அங்கே சற்று நிற்கலாம். பின்னர், அவளருகிலே பேசாமல் நின்றவள் யாரென்று ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.